சின்னப் பிள்ளைகளுக்குக் கோல்கீப்பிங் சொல்லிக்கொடுப்பது எப்படி: முதலில் கை, டைவ் அப்புறம்

ஓட முடியாத பிள்ளை, கொஞ்சம் குண்டான பிள்ளை, அன்றைக்குத் தாமதமாக வந்த பிள்ளை. சிறுவர் கால்பந்து அணிகளில் கோல்கீப்பர் தேர்வு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. "போய் கோலில் நில்லு" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அப்புறம் பயிற்சி முழுக்க மற்றவர்கள் ஷாட் அடித்துப் பழகுவதற்கு அந்தப் பிள்ளை ஒரு சுவர். மேட்ச் அன்று நாலு கோல் விழுந்ததும் அணி மொத்தமும் அதன் முகத்தைத்தான் திரும்பிப் பார்க்கும். போதாததற்கு "உனக்குத் தன்னம்பிக்கையே இல்லை" என்று கோச்சின் அறிவுரை வேறு.

தன்னம்பிக்கை முதுகில் தட்டிக்கொடுத்து வருவதில்லை. பந்து கையில் ஒட்டினால் வரும், ஒட்டாவிட்டால் போய்விடும். அதனால் கோச்சின் முதல் வேலை கஷ்டத்தை அளந்து வைப்பதுதான்: பத்துப் பந்து வந்தால் ஏழு எட்டையாவது பிள்ளை சுத்தமாகப் பிடிக்க வேண்டும், மிச்சம் இரண்டு மூன்றுக்குக் கொஞ்சம் திண்டாட வேண்டும். பத்தும் கையில் வந்துவிட்டால் வேகத்தைக் கூட்டுங்கள், பாதிக்கு மேல் தவறினால் தூரத்தைக் கூட்டுங்கள். கீழே சொல்லப்போகிற எல்லாப் பயிற்சிக்கும் இந்த அளவுகோலைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாரை நிறுத்துவது

10 வயது வரைக்கும் ஒரே பிள்ளையை நிரந்தரக் கீப்பர் என்று முத்திரை குத்த வேண்டாம். எல்லோரும் மாறி மாறி நிற்கட்டும். கோலில் நின்று பார்த்த பிள்ளை, பின்னால் டிஃபெண்டராக ஆடும்போது கீப்பரின் பார்வையை மறைக்காமல் நிற்கக் கற்றுக்கொள்ளும். கோலில் நிற்கும் பிள்ளையும் பாதி மேட்ச் வெளியே ஆடினால் அதன் கால் வேலை தேறும், இன்றைய கீப்பருக்கு அது இல்லாமல் முடியாது. அவசரமே வேண்டாம். இத்தாலியின் கீப்பர் புஃபோன் சின்ன வயதில் நடுக்களத்தில் ஆடியவர். 1990 உலகக் கோப்பையில் கேமரூன் கீப்பர் தாமஸ் என்கோனோவைப் பார்த்த பிறகுதான் கோல் பக்கம் மனசு போனது. 1995-இல், 17 வயதில், முதல் பிரிவு லீக்கில் அறிமுகம் ஆகிவிட்டார்.

உயரத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். 11 வயதில் உயரமாக இருக்கிற பிள்ளை 15 வயதில் சராசரி உயரத்தில் நின்றுவிடலாம், குட்டையாக இருந்தது திடீரென்று வளரலாம். மெக்சிகோவின் ஹோர்ஹே காம்போஸ் ஏறக்குறைய 1.70 மீட்டர் உயரத்தோடு 1994 உலகக் கோப்பையில் கோல் காத்தவர், கிளப் ஆட்டங்களில் ஃபார்வர்டாக இறங்கிக் கோலும் அடித்தவர். உயரத்துக்குப் பதிலாக வேறு இரண்டைக் கவனியுங்கள். பந்து முகத்துக்கு நேராக வரும்போது கண்ணை மூடுகிறதா, இல்லையா? கோல் விழுந்த பிறகு மறுபடியும் நிற்கக் கேட்கிறதா? இரண்டாவதற்கு ஆமாம் என்றால் முதலாவதைப் பழக்கிக்கொள்ளலாம்.

பந்து, கிளவுஸ், கோல்போஸ்ட்

8 வயதுக்குக் கீழே 3-ஆம் எண் பந்து, 12 வரை 4-ஆம் எண், அதற்கு மேல் 5-ஆம் எண். இதுதான் பரவலான வழக்கம். 5-ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கும், அதை 9 வயதுப் பிள்ளையின் கைக்கு வேகமாக அடித்தால் மணிக்கட்டு மடங்கும். ஒருமுறை வலித்துவிட்டால் அடுத்த பத்துப் பந்துக்கும் கை பின்வாங்கும். பயம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த வலிதான்.

கிளவுஸ் விரல் நுனியில் கொஞ்சம் இடம் விட்டு இருந்தால் போதும், "வளருகிற பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் பந்தைப் பற்றவே முடியாது. விரலுக்குள் பிளாஸ்டிக் கம்பி வைத்த கிளவுஸைப் பெற்றோர் ஆசையாக வாங்கித் தருவார்கள். விரல் பந்தைச் சுற்றி வளைவதை அது தடுக்கும், பிடிக்கக் கற்கும் வயதில் தேவையில்லை. விளையாடும் முன் உள்ளங்கைப் பகுதியை லேசாக ஈரப்படுத்தினால் நன்றாகப் பிடிக்கும். துவைத்தால் நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் அந்த லேடெக்ஸ் வெடித்துப் பாழாகும்.

பெரியவர்களின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதில் 10 வயதுப் பிள்ளையை நிறுத்தி, தலைக்கு மேலே போன பந்துக்குத் திட்டுவது அநியாயம். சின்னக் கோல் இல்லை என்றால் இரண்டு கோன் வைத்து அகலத்தைக் குறையுங்கள், பாருக்கு, அதாவது கோலின் மேல் கம்பிக்கு, ஒட்டிப் போகிற பந்து கணக்கில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். தூக்கி வைக்கிற வகைக் கோல்போஸ்ட் என்றால் தரையோடு கட்டாமல், அல்லது பின்னால் கனமான பாரம் வைக்காமல் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. கவிழ்ந்து விழுந்த கோல்போஸ்ட்டில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். பாரில் தொங்கி விளையாட யாரையும் விடாதீர்கள், கீப்பரையும்தான்.

நிற்பது, பிடிப்பது

இங்கேதான் நேரத்தைக் கொட்ட வேண்டும். முதல் இரண்டு மாதம் பயிற்சியின் பெரும்பகுதி இதுவாகவே போனாலும் நஷ்டமில்லை.

கால் தோள் அகலத்துக்கு விரிந்திருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கி, எடை முன்பாதத்தில். குதிகாலில் நின்றால் பக்கவாட்டில் நகரவே ஒரு நொடி வீணாகும். கை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, உடம்புக்கு முன்னால், உள்ளங்கை பந்தைப் பார்த்தபடி. பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு, கையைத் தொடையில் ஊன்றி நிற்பது. அதைவிடப் பெரிய தவறு, எதிராளி அடிக்கும் நேரத்தில் நடந்துகொண்டிருப்பது. அடிப்பவரின் கால் பந்தைத் தொடும்போது கீப்பரின் இரண்டு காலும் தரையில் அசையாமல் இருக்க வேண்டும், தான் நினைத்த இடத்துக்கு இன்னும் வந்து சேராவிட்டாலும் சரி. தவறான இடத்தில் நிலையாக நிற்பது, சரியான இடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பதைவிட நல்லது. இதற்கு ஒரு எளிய விளையாட்டு இருக்கிறது. நீங்கள் பந்தோடு இப்படியும் அப்படியும் நகருங்கள், பிள்ளை உங்களோடு நகரட்டும், நீங்கள் காலை ஓங்கியதும் "நில்" என்று அதுவே சத்தமாகச் சொல்லி நிற்க வேண்டும். பாதி முறை அடிக்காமல் விட்டுவிடுங்கள், அப்போதுதான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பந்தைப் பார்க்கும்.

பிடிப்பதில் மூன்று வகை. நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு இரண்டு கட்டைவிரலும் கிட்டத்தட்டத் தொடும்படி உள்ளங்கை பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் பந்து நடுவில் நழுவி முகத்தில் அடிக்கும், அதோடு அந்த நாள் போச்சு. வயிறு, நெஞ்சு உயரத்தில் நேராக வருவதை முன்கைகளில் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், உடம்பு லேசாக முன்னால் குனிந்து பந்தின் வேகத்தை விழுங்கும். தரையோடு வருவதற்குச் சுண்டுவிரல்கள் ஒட்டி, விரல் நுனி தரையைப் பார்த்து, ஒரு முழங்கால் மடங்கிப் பின்னால் ஒரு தடுப்பாக இருக்கும்படி குனிய வேண்டும், காலுக்கு நடுவில் பந்து போக வழி இருக்கக்கூடாது. எதுவானாலும் பிடித்த பிறகு பந்து நெஞ்சுக்கு வந்தாக வேண்டும். அதுவரை பிடித்ததாகக் கணக்கில்லை.

எப்படிப் போடுகிறீர்கள் என்பது எதைச் சொல்கிறீர்கள் என்பதைவிட முக்கியம். ஆரம்பத்தில் காலால் அடிக்காதீர்கள், 4, 5 மீட்டர் தள்ளி நின்று கையால் போடுங்கள். ஒரே இடத்துக்கு, ஒரே வேகத்தில், பத்துப் பதினைந்து முறை. பல கோச்சுகளுக்கு இது சலிப்பாக இருக்கும், நாலாவது பந்திலேயே மூலைக்கு ஒன்று அடித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அது உங்கள் திறமையைக் காட்டுகிற இடம் இல்லை. கையால் போட்டது சுத்தமாக வந்த பிறகு அரைவாலியாக, அதாவது பந்து தரையில் பட்டு எழும்பும்போதே, மெதுவாக அடியுங்கள், அப்புறம் தரையில் இருந்து, அப்புறம் தூரத்தில் இருந்து. வேகமும் திசையும் ஒரே நேரத்தில் மாறக்கூடாது, ஒன்றை மாற்றினால் இன்னொன்றை அப்படியே வையுங்கள்.

கண்ணை மூடுகிற பிள்ளைக்குத் தனி வைத்தியம் உண்டு. லேசான பந்து, டென்னிஸ் பந்தானாலும் சரி, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மூன்று நிறத்தில் புள்ளி வைத்துப் போட்டு, பிடிக்கும் முன் எந்த நிறம் மேலே தெரிந்தது என்று கேளுங்கள். பதில் சரியா தப்பா என்பது பொருட்டே இல்லை, பந்தைக் கடைசி வரை பார்க்கிறது அல்லவா, அது போதும்.

விழுவது

பிள்ளைகளுக்கு டைவ்தான் ஆசை. முதல் நாளே பறக்கக் கேட்கும், விட்டால் வயிற்றில் தொப்பென்று விழுந்து, முழங்கையைத் தரையில் குத்தி, இனிமேல் விழவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் உயரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்: முதலில் உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் சாய்ந்து பந்தைப் பிடிப்பது, அப்புறம் மண்டியிட்டு, அப்புறம் பாதி குந்தி, கடைசியில் நின்றபடி. புல்லோ மெத்தையோ மணலோ இருக்கிற இடமாகப் பாருங்கள். கெட்டித் தரையில் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

விழும்போது தரையில் படுவது உடம்பின் பக்கவாட்டுப் பகுதி, தொடையின் ஓரம், இடுப்பு, தோளின் பின்புறம் என்று வரிசையாக. வயிறும் இல்லை, முதுகும் இல்லை, முழங்கையும் இல்லை. மார்பு பந்தைப் பார்த்தே இருக்க வேண்டும். கீழ்க்கை பந்துக்குப் பின்னால், மேல்க்கை பந்துக்கு மேலே, தரை மூன்றாவது கை. நின்ற நிலைக்கு வந்த பிறகு பந்து பக்கத்துக் காலால் ஒரு சின்ன அடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அந்த அடி நேர் பக்கவாட்டில் இல்லாமல் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்வாக இருக்க வேண்டும். பின்னால் சாய்ந்து விழுகிற கீப்பர் கையில் பட்ட பந்தையும் கோலுக்குள் தள்ளிவிடுவார், முன்னால் சாய்ந்து விழுந்தால் கையில் பட்டது வெளியே போகும்.

எந்த டைவும் வேண்டாத பந்துக்கு டைவ் அடிப்பதைப் பாராட்டாதீர்கள். இரண்டு அடி நகர்ந்து நின்றபடி பிடிக்கிற பிள்ளைதான் கற்றுக்கொண்ட பிள்ளை, ஆனால் வெளியே நிற்கிறவர்கள் கைதட்டுவது பறக்கிற பிள்ளைக்குத்தான். நீங்களாவது மாற்றித் தட்டுங்கள்.

பிடிக்க முடியாததைத் தட்டிவிடவும் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரே விதி: நடுவில் தட்டாதே, ஓரத்தில் தட்டு. இரண்டு போஸ்ட்டுக்கும் வெளியே ஒரு கோன் வைத்து, தட்டிய பந்து அந்தப் பக்கம் போனால் மட்டும் புள்ளி என்று விளையாடலாம்.

எங்கே நிற்பது

கயிறு ஒன்று போதும், மணிக்கணக்கில் விளக்க வேண்டாம். நீளமான கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு போஸ்ட்டின் அடியில் கட்டுங்கள், நடுப்பகுதியைப் பந்து இருக்கும் இடத்தில் உங்கள் காலில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். பிள்ளை கோட்டின் மேல் நிற்கும்போது இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் திறந்து கிடக்கிறது என்று பார்க்கட்டும், இரண்டு மூன்று அடி முன்னே வந்து கையை விரித்தால் கயிறு கிட்டத்தட்டக் கைக்கு எட்டும். பந்து ஓரத்துக்கு நகர நகரக் கயிறு எப்படிச் சாய்கிறது, தான் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. ரொம்ப முன்னே வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போடலாம் என்பதையும் அடுத்த பந்திலேயே நீங்கள் செய்து காட்டிவிடுங்கள்.

பந்து தூரத்தில் இருக்கும்போது கோட்டோடு ஒட்டி நிற்கிற பழக்கத்தையும் மாற்றுங்கள். நம் அணி எதிர்ப் பாதியில் ஆடும்போது கீப்பர் பெனால்டி பாக்ஸின் (கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய செவ்வகம்) விளிம்புக்கு வரலாம், அங்கே நின்றால் பின்னால் போடப்படும் நீளப் பந்தை ஓடிவந்து எடுக்க முடியும். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் கீப்பர் நோயர் ஆடியதைப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரியும். 10 வயதுப் பிள்ளை அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, கோட்டில் சும்மா நின்று வெயில் காயாமல் இருந்தால் சரி.

எதிராளி தனியாக வரும்போது

பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பயத்தில் இரண்டில் ஒன்று நடக்கும்: கோட்டிலேயே உறைந்து நிற்கும், அல்லது கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து விழும். சொல்லிக்கொடுக்க வேண்டியது நேரத்தை. எதிராளி பந்தைத் தொட்டுத் தள்ளிய பிறகு, பந்து அவர் காலை விட்டு விலகியிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் கீப்பர் வேகமாக முன்னேற வேண்டும். பந்து மறுபடி அவர் காலுக்குப் போனதும் நின்றுவிட வேண்டும், தாழ்வாக, கை இரண்டும் பக்கவாட்டில் கீழே விரிந்து. முதலில் விழுகிறவர் தோற்பார். கீப்பர் நின்றுகொண்டே இருந்தால் அடிப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும், அந்த வயதில் பாதிப் பேர் பந்தை நேராகக் கீப்பர் மேலேயே அடித்துவிடுவார்கள்.

காலடியில் விழுந்து பந்தை எடுப்பதை முதலில் எதிராளி இல்லாமல், அசையாத பந்தில் பழக்குங்கள். அப்புறம் எதிராளி நடந்து வரட்டும், அப்புறம் மெல்ல ஓடி. கை முன்னால் போக வேண்டும், உடம்பு குறுக்கே நீளமாகப் படுக்க வேண்டும், தலை கைகளுக்குப் பின்னால் பாதுகாப்பாக இருக்க வேண்டும். கால் முதலில் போகக்கூடாது. இந்தப் பயிற்சியில் எதிராளியாக நிற்கும் பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கீப்பர் கை வைத்துவிட்டால் உதைக்கக்கூடாது, தாண்டிக் குதிக்க வேண்டும் என்று.

தலையில் அடிபட்டால் அந்தப் பிள்ளை அன்றைக்கு மறுபடி இறங்கவே கூடாது. தலைச்சுற்றல், வாந்தி, குழப்பம், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை என்று எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். "ஒண்ணுமில்லை சார், நான் ஆடுறேன்" என்று பிள்ளை சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

க்ராஸ், அதாவது ஓரத்தில் இருந்து கோலுக்கு முன்னால் தூக்கிப் போடுகிற பந்து, பற்றிச் சுருக்கமாக: 12 வயதுக்குக் கீழே இதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கையால் உயரத் தூக்கிப் போட்டு, ஒரு காலை மடக்கி எழும்பி, மிக உயரமான இடத்தில் தலைக்கு முன்னால் பிடிக்கக் கற்றால் போதும். கூட்டத்துக்கு நடுவே குதித்துப் பிடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் "கீப்பர்!" என்று கத்துவதை இப்போதே பழக்குங்கள். பேசாத பிள்ளையிடம் "நிறையப் பேசு" என்று சொல்லிப் பயனில்லை, நாலு சொல்லைக் கொடுங்கள்: தான் வருவதற்கு "கீப்பர்", டிஃபெண்டர் அடித்து வெளியேற்ற "அடி", பின்னால் ஆள் வருகிறார் என்பதற்கு "பின்னாடி", நேரம் இருக்கிறது என்பதற்கு "திரும்பு". அணி முழுக்க இதே நாலு சொல். பயிற்சி ஆட்டத்தில் இதைச் சரியான நேரத்தில் சொன்னதற்கும் ஒரு புள்ளி கொடுங்கள், கூச்சமான பிள்ளையும் ஒரு மாதத்தில் வாயைத் திறந்துவிடும்.

கால் வேலையும் விதிகளும்

1992-இல் விதி மாறியதில் இருந்து, சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது. சொந்த அணியின் த்ரோ-இன்னை நேராகக் கையில் வாங்குவதும் கூடாது, பிள்ளைகள் அடிக்கடி மறப்பது இதைத்தான். 2019-இல் இருந்து கோல் கிக்கில் பந்து பெனால்டி பாக்ஸைத் தாண்ட வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டருக்கே சின்னதாகக் கொடுக்கலாம். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த விதிப்படி கையில் பந்தை 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், நடுவர் கடைசி 5 நொடியைக் கை தூக்கி எண்ணிக் காட்டுவார். சிறுவர் போட்டிகளில் இதில் சில வேறுபடலாம் என்பதால் மேட்ச்சுக்கு முன்னால் நடுவரிடம் கேட்டுப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்றால், கீப்பருக்குக் கால் தெரிய வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம். அணி வட்டமாக நின்று பாஸ் பழகும்போது கீப்பரும் அதில் ஒருவராக இருக்கட்டும், இரண்டு காலாலும். பந்தை வாங்கும் முன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, கோலுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் விலகி நின்று வாங்குவது, இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் எளிது: கால் தவறினாலும் பந்து கோலுக்குள் போகாது. கையால் கொடுப்பதில் தரையோடு உருட்டுவதுதான் முதல் பாடம், தலைக்கு மேலே வீசுவது அடுத்தது, நீள உதை கடைசி.

ஒரே கோச் என்றால்

தனிக் கீப்பர் கோச் எல்லா அணிக்கும் கிடைப்பதில்லை. பதினைந்து பிள்ளைகளையும் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கும், அப்போது கீப்பரை ஓரமாக அனுப்பி "சுவரில் அடித்துப் பிடி" என்று விட்டுவிடுவதுதான் நடக்கும். அதைவிடப் பயிற்சி தொடங்கும் முன் கால் மணி நேரம் கீப்பர்களை மட்டும் வரச் சொல்லிப் பிடிப்பதையும் விழுவதையும் அப்போது முடித்துவிடுங்கள், மிச்ச நேரம் அணியோடு. இரண்டு கீப்பர்கள் இருந்தால் ஒருவருக்கு ஒருவர் பந்து போடட்டும், சரியாகப் போடத் தெரிந்த கீப்பருக்குப் பிடிப்பதும் சீக்கிரம் வரும்.

ஷாட் அடிக்கும் பயிற்சியில் கீப்பரைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. வரிசையாக எட்டுப் பேர் நின்று, முந்திய பந்தில் இருந்து எழுந்திருக்கும் முன்பே அடுத்ததை அடிப்பது எந்தக் கீப்பரையும் கெடுக்கும். கீப்பர் நிலைக்கு வந்து கையைத் தூக்கிய பிறகுதான் அடுத்த ஷாட், குறைந்தது 12 மீட்டர் தள்ளி, நாலைந்து ஷாட்டுக்கு ஒருமுறை ஓய்வு அல்லது ஆள் மாற்றம். சோர்வில் கை தாழ்ந்து, விழுவது சரிவது போல ஆகிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். களைத்த பிறகு செய்கிற ஒவ்வொன்றும் தப்பான பழக்கத்தைத்தான் ஆழமாக்கும். இருபது முறை தொடர்ந்து டைவ் அடிக்க வைத்து "மன உறுதி" வளர்ப்பதாகச் சொல்கிற கோச்சுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், அதில் வளர்வது முழங்கைக் காயம் மட்டும்.

கோல் விழுந்த பிறகு

2002 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வரும்வரை ஜெர்மனியின் ஆலிவர் கான் ஒரே ஒரு கோல்தான் விட்டிருந்தார். இறுதி ஆட்டத்தில் ரிவால்டோவின் ஷாட்டைப் பிடித்து நழுவவிட்டார், ரொனால்டோ ஓடிவந்து உள்ளே தள்ளினார், பிரேசில் 2-0 என்று ஜெயித்தது. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது அப்படியும் கானுக்குத்தான் போனது. பெரிய பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம், ஆனால் மேட்ச் முடிந்த அன்றைக்கு வேண்டாம், சாதாரணமான ஒரு பயிற்சி நாளில் சொல்லுங்கள்.

கோல் விழுந்த உடனே கோச்சின் வாய் மூடியிருக்க வேண்டும். கையைத் தலையில் வைப்பது, பெஞ்சில் இருப்பவரிடம் திரும்பி முணுமுணுப்பது, எல்லாம் பிள்ளைக்குத் தெரியும், அது முதலில் பார்ப்பதே உங்களைத்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, ஆட்டத்தைப் பாருங்கள். ஆட்டம் நடக்கும்போது "வா! வா! நில்!" என்று வெளியில் இருந்து கத்துவதும் கூடாது. உங்கள் சத்தம் போய்ச் சேரும்போது நேரம் தாண்டியிருக்கும், அதைவிட மோசம், அடுத்த முறை பிள்ளை தானாக முடிவெடுக்காமல் உங்கள் சத்தத்துக்குக் காத்திருக்கும்.

பிள்ளைக்கு ஒரு சின்னச் சடங்கைக் கற்றுக்கொடுங்கள். பந்தை வலையில் இருந்து எடுத்து நடுக்களத்துக்கு அனுப்பு, கிளவுஸ் பட்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கு, போஸ்ட்டைத் தொடு, "அடுத்த பந்து" என்று சொல். ஏன் விழுந்தது என்று யோசிக்கிற வேலையை அதோடு தள்ளிவைத்துவிடலாம், அதற்கு அடுத்த பயிற்சி இருக்கிறது. பயிற்சி ஆட்டத்தில் ஒவ்வொரு கோலுக்கும் இதைச் செய்ய வைத்தால்தான் மேட்ச்சில் தானாக வரும்.

அடுத்த பயிற்சியில் பேசும்போது குற்றப்பத்திரிகை வாசிக்காமல் கேள்வி கேளுங்கள். "அப்போது நீ எங்கே நின்றாய்? பந்து எங்கே இருந்தது? மறுபடி வந்தால் என்ன செய்வாய்?" பதில் பிள்ளையிடம் இருந்து வர வேண்டும், வராவிட்டால் அதே பந்தை அதே இடத்தில் இருந்து மெதுவாக அடித்துக் காட்டுங்கள். நான் பார்க்கச் சொல்வது பிள்ளை எடுத்த முடிவைத்தான். வெளியே வரலாம் என்று சரியாக முடிவெடுத்து, பந்து கையில் இருந்து நழுவிக் கோல் ஆனது என்றால் அது பாராட்ட வேண்டிய விஷயம், நழுவியதைப் பயிற்சியில் சரிசெய்துகொள்ளலாம். பயந்து கோட்டிலேயே நின்று, அதிர்ஷ்டத்தில் எதிராளி வெளியே அடித்தார் என்றால் அதைப் பேசியாக வேண்டும். "எத்தனை கோல் விட்டாய்" என்ற கணக்கை நோட்டில் எழுதாதீர்கள். எத்தனை முறை அசையாமல் நின்றிருந்தது, எத்தனை முறை குரல் கொடுத்தது, எத்தனை பந்தைக் கையால் நம் அணிக்கே கொடுத்தது, இதை எழுதுங்கள், மேட்ச் 6-0 என்று தோற்ற அன்றும் இதில் ஏதாவது ஏறியிருக்கும்.

பாராட்டும்போது "சூப்பர்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "அந்தக் கார்னரில் கத்திவிட்டு வெளியே வந்தாய் பார், அது நல்ல முடிவு" என்று சொன்னால் அடுத்த கார்னரிலும் வரும். பெற்றோரிடமும் ஒரு வார்த்தை பேசிவையுங்கள். கோலுக்குப் பின்னால் நின்று அறிவுரை சொல்லும் அப்பாக்களை, அன்பாகத்தான், எதிர்ப்பக்கம் போய் உட்காரச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் கீப்பரைக் குறை சொன்னால் மட்டும் உடனே தலையிட வேண்டும். குறை சொன்ன பிள்ளையை அடுத்த பயிற்சி ஆட்டத்தில் பத்து நிமிஷம் கோலில் நிறுத்தினால் நீங்கள் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பெனால்டி பற்றிப் பிள்ளைகள் நிறையக் கேட்பார்கள். அடிக்கும் நேரத்தில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். 11 மீட்டரில் இருந்து கோல் விழுவதுதான் இயல்பு, தடுத்தால் லாபம் என்று சொல்லுங்கள். அப்புறம் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பும் முன் ஆளுக்கு ஒன்று அடிக்க விடுங்கள், அதில் கீப்பர் மட்டும் சுமை இல்லாமல் ஆடுவார்.

சில பிள்ளைகள் ஒரு கட்டத்தில் "இனிமேல் கோலில் நிற்கவில்லை" என்று சொல்லும். கெஞ்சாதீர்கள், அணிக்கு வேறு ஆள் இல்லை என்று குற்ற உணர்ச்சியும் ஏற்றாதீர்கள். சில வாரம் வெளியே ஆடட்டும், கீப்பர் வார்ம்அப்புக்கு மட்டும் விருப்பம் இருந்தால் வரலாம் என்று கதவைத் திறந்து வையுங்கள். அந்த இடைவெளியில் கோலில் நிற்க இன்னொரு பிள்ளை தயாராக இருக்க வேண்டும், அதனால்தான் எப்போதும் குறைந்தது இரண்டு பேரைப் பழக்கி வையுங்கள் என்பது.